அளவு ஜாக்கெட்டை மாற்றுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மகளிர் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறோம். அறுபதைத் தாண்டிய பெண்களுக்கென்று அதில் வருபவை பெரும்பாலும் இரண்டு வகை. வயதைப் பத்து வருடம் குறைத்துக் காட்டுவது எப்படி என்பது ஒன்று. வயதாகிவிட்டது, இனி மனதைப் பக்குவப்படுத்திக்கொண்டு கோயில் குளம் என்று இருங்கள் என்பது இன்னொன்று. இரண்டுமே அந்தப் பெண்ணுக்கு உதவாது என்பது எங்கள் எண்ணம். எங்களில் ஒருவர் ஓய்வுபெற்ற செவிலியர், ஒருவர் பிசியோதெரபிஸ்ட், ஒருவர் தையற்கலைஞர். மூவருமே முதிய பெண்களோடு நாள்தோறும் பழகும் வேலையைச் செய்தவர்கள், செய்பவர்கள். அதனால்தான் அந்த வயதில் மகிழ்ச்சியாக இருப்பது பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறோம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது துணியோடு ஒரு பழைய ஜாக்கெட்டையும் சுருட்டிக் கொடுப்பார்கள். அதுதான் அளவு ஜாக்கெட். பதினைந்து வருடத்துக்கு முன் கச்சிதமாக இருந்தது, இரண்டு முறை பிரித்துவிட்டது, அக்குளில் சாயம் போனது. புதிதும் அதே அளவில் தைக்கப்படுகிறது. வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்த்தால் கை ஏறாது, மார்பில் இழுக்கும், கொக்கிக்கு நடுவே இடைவெளி தெரியும். உடனே வரும் பேச்சு, "என் உடம்புதான் கெட்டுப்போச்சு" என்பது. உடம்பில் ஒரு குறையும் இல்லை, கொடுத்த அளவு பழசு. அவ்வளவுதான்.

எதை அளக்க வேண்டும் என்று சொல்கிறோம். வயதாக ஆக மார்பு தாழ்கிறது. முதுகு லேசாக வளைகிறது, மேற்கை சதை தளர்கிறது. தோளிலிருந்து மார்பு முனை வரையிலான நீளம் பழைய அளவைவிட ஓர் அங்குலம், சிலருக்கு இரண்டு அங்குலம்கூட அதிகமாகியிருக்கும். டாட் (மார்புக்கு வடிவம் தரும் மடிப்புத் தையல்) பிடிப்பது பழைய உயரத்திலேயே இருந்தால் மேலே துணி தொங்கும், கீழே இறுக்கும். ஆகவே இப்போது போடுகிற பாடியை (மார்பு உள்ளாடையை)ப் போட்டுக்கொண்டு, நிமிர முயலாமல் இயல்பாக நின்று, நாடாவால் நேரடியாக அளவு எடுக்கச் சொல்லுங்கள். முதுகு வளைந்தவர்களுக்குப் பின்பக்கம் அரை அங்குலம் நீளம் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஜாக்கெட் மேலேறிக்கொண்டே இருக்கும். கையைத் தூக்க முடியாதவர்களுக்கு அக்குளில் மூன்று அங்குலச் சதுரத் துண்டு ஒன்றைச் சாய்வாக வைத்துத் தைத்தால் போதும், தலைவாரும்போது ஜாக்கெட் கிழியாது. திறப்பு முன்பக்கமே இருக்கட்டும். விரல் மூட்டு வீங்கியவர்கள், சர்க்கரை நோயால் விரல் நுனி மரத்தவர்கள், சின்னக் கொக்கியோடு தினமும் காலையில் பத்து நிமிடம் போராடுகிறார்கள். அதற்குப் பதில் அழுத்திப் போடுகிற பெரிய டிச் பட்டன் வைக்கலாம். உள்தையலில் ஒன்றரை அங்குலம் துணி விட்டு வைக்கச் சொல்ல மறக்க வேண்டாம்.

தோள் வலி உள்ளவர்கள் உடுத்துவதற்கு ஒரு முறை இருக்கிறது. போடும்போது வலிக்கிற கை முதலில், கழற்றும்போது வலிக்கிற கை கடைசியில். இதை மாற்றிச் செய்வதால்தான் தினமும் ஒருமுறை கண்ணில் நீர் வருகிறது. சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது மற்றவர்களைவிட அதிகம். 'வயசுக்கு வந்த வலி' என்று விட்டுவிடாமல் சீக்கிரமே பயிற்சி தொடங்கினால் கை மறுபடி மேலே போகும்.

பாவாடை நாடாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாற்பது, ஐம்பது வருடம் ஒரே இடத்தில் கால் அங்குல நாடாவை இறுக்கி முடிந்த இடுப்பில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். தோல் கறுத்து, தடித்து, அரிக்கும். வியர்வையும் உப்பும் சேர்ந்தால் வெடிக்கும். ஆறாத புண்ணாகி, அபூர்வமாக அது தோல் புற்றுநோயாகவே மாறியதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இடுப்புப் பட்டியை இரண்டு அங்குல அகலத்துக்கு மாற்றுங்கள். நாடாவுக்குப் பதில் அகல எலாஸ்டிக் போடலாம், அல்லது தட்டையான பருத்திப் பட்டை வைத்துத் தளர முடியலாம். முடிச்சு ஒரு நாள் இடப்பக்கம், மறுநாள் வலப்பக்கம் இருக்கட்டும். மூன்று நான்கு வாரமாக ஆறாத புண் இருந்தால் மஞ்சள் பூசிக்கொண்டு காத்திருக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். இன்னொன்று, புடவையின் கீழ்க்கரை கணுக்கால் எலும்புக்கு இரண்டு விரல் மேலே நிற்கட்டும். மாடிப்படியில் விழுபவர்களில் பலரைத் தள்ளிவிடுவது அந்தக் கரைதான். நைட்டிக்கும் அதே கணக்கு. நைட்டி வாங்கியதும் பக்கத் தையலைப் பிரித்து, ஏழு அங்குல ஆழத்தில் ஒரு பை வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி, கைபேசி, கைக்குட்டை மூன்றும் உடம்போடு இருக்கும். "கண்ணாடியை எங்கே வச்சேன்" என்று நாளெல்லாம் தேடி, மறதி வந்துவிட்டதோ என்று பயப்படும் அவஸ்தையில் பாதி அந்தப் பையோடு போய்விடும்.

அடுத்து நரை. டை அடிப்பதும் அடிக்காததும் அவரவர் விருப்பம். அடிக்க விரும்புகிறவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் நிறுத்த விரும்பியும் எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் மாதாமாதம் அடித்துக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். காதோரமும் பின்கழுத்தும் அரிக்கிறது, மறுநாள் கண்ணிமை வீங்குகிறது, மாத்திரை போட்டுக்கொண்டு மறுபடி அடிக்கிறார்கள். கறுப்பு டைகள் பெரும்பாலானவற்றில் பாரா ஃபினைலீன் டையமைன் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. இருபது வருடம் ஒன்றும் செய்யாத டை இருபத்தோராம் வருடம் ஒவ்வாமையைக் கிளப்பலாம், ஒருமுறை கிளம்பினால் பிறகு ஒவ்வொரு முறையும் கூடும். 'கறுப்பு மருதாணி' என்று விற்பவற்றிலும் அதே பொருள் கலந்திருப்பதுண்டு. அடிக்கத்தான் வேண்டும் என்றால், கலவையில் ஒரு துளியைக் காதுக்குப் பின்னால் வைத்து 48 மணி நேரம் பார்த்துவிட்டு அடியுங்கள். பழக்கமான பிராண்டாக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

நிறுத்துபவர்களுக்கு ஒரு கணக்கு. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர், கொஞ்சம் கூடவும் வளரலாம். தோள் வரை முழுதும் வெள்ளையாக வர இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். மூன்றாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை வகிட்டில் வெள்ளையும் கறுப்பும் கோடு பிரித்தாற்போல நிற்கும். முக்கால்வாசிப் பேர் திரும்ப டை பெட்டியை எடுப்பது அந்த நேரத்தில்தான், அதுவும் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்ததும். அந்த மாதங்களில் வகிடு எடுக்காமல் தலையைப் பின்னோக்கி வாரிக் கொண்டை போட்டால் கோடு தெரியாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அடியில் ஓர் அங்குலம் வெட்டிக்கொண்டே வாருங்கள். பொறுமை இல்லாதவர்கள் ஒரேயடியாகக் கழுத்தளவு வெட்டிவிடலாம், அதுவும் அழகுதான். மருதாணி மட்டும் தேய்த்தால் வெள்ளை முடி செம்பட்டை ஆகும். அது பிடிக்காவிட்டால் மறுநாள் அவுரிப் பொடி தேய்த்தால் கருமை கலந்த பழுப்பு வரும்.

வெள்ளை முடிக்குக் கவனிப்பு வேறு. தலைத்தோலில் எண்ணெய்ச் சுரப்பு குறைவதால் அது வறண்டு, முரண்டு பிடிக்கும். குளிப்பதற்கு முந்தைய இரவு தேங்காய் எண்ணெய் தடவுங்கள். பச்சிலை காய்ச்சிய கறுத்த எண்ணெயும், நிறைய சீயக்காயும், போர் தண்ணீரும் வெள்ளையை மஞ்சளாக்கிவிடும். மென்மையான ஷாம்பூவால் அலசி, கடைசிச் சொம்புக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். வெள்ளிக் கம்பி போல மினுங்கும். வகிடு அகன்றுகொண்டே போனால் தைராய்டும் ரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவும் பார்த்துக்கொள்வது நல்லது.

பொட்டுக்கு வருவோம். ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுகிற இடத்தில் வட்டமாக வெளுத்துப்போன நெற்றிகளை எல்லாரும் பார்த்திருப்போம். பொட்டின் பசையிலுள்ள ஒரு பிசின் தோலின் நிறமிச் செல்களைப் பாதிப்பதால் வருவது அது. அரிப்போ வெளுப்போ தெரிந்த அன்றே ஸ்டிக்கரை நிறுத்த வேண்டும். வெளுத்த இடத்தை மறைக்க இன்னும் பெரிய பொட்டாக ஒட்டுவதுதான் வழக்கம், அப்படியே வெளுப்பும் பெரிதாகிறது. அரைத்த சந்தனம் வைத்துக்கொள்ளலாம். கணவரை இழந்தவர்கள் பொட்டும் பூவும் வைக்கலாமா என்று இந்தக் காலத்திலும் குரல் தாழ்த்திக் கேட்கிறார்கள். பொட்டும் பூவும் பிறந்த வீட்டில் அம்மா வைத்துவிட்டவை. கல்யாணத்தோடு வந்தவை தாலியும் மெட்டியும் மட்டுமே. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வைக்க விருப்பமில்லை என்றால் அதற்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

காது தொங்கிவிட்டது என்று தோடு போடுவதையே விட்டவர்கள் இருக்கிறார்கள். தென்மாவட்டங்களில் பாம்படமும் தண்டட்டியும் போட்டுக் காதை வளர்த்ததே ஒரு காலத்தில் பெருமை. துளை நீண்டிருந்தால் எடை குறைந்த தோட்டுக்கு மாறுங்கள். தோட்டின் பின்னால் திருகாணிக்கு அகலமான தட்டு வைத்தால் தோடு முன்னால் சாயாது. கிழிந்தே போயிருந்தால் மரத்துப்போக ஊசி போட்டுத் தையல் போடுவார்கள், அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். சில வாரம் ஆறவிட்டு, தையல் தழும்பின் மேல் அல்லாமல் பக்கத்தில் புதிதாகக் குத்த வேண்டும்.

இனி எந்த மகளிர் பக்கத்திலும் வராத விஷயம். கல்யாணத்துக்கு வரமாட்டேன், பஸ்ஸில் போகமாட்டேன், சிரிக்கவே பயமாக இருக்கிறது என்று பெண்கள் சொல்லும்போது அதற்குப் பின்னால் பலமுறை இருப்பது நீர்க்கசிவு. தும்மினால், இருமினால், குடம் தூக்கினால் சொட்டுவது ஒரு வகை. வருகிறது என்று தோன்றி, கதவுக்குப் போவதற்குள் வந்துவிடுவது இன்னொரு வகை. இரண்டும் கலந்தும் இருக்கும். இதை வயதின் தண்டனை போல ஏற்றுக்கொள்கிறார்கள். இந்த ஒன்றை ஏற்றுக்கொள்ளவே வேண்டாம். பெரும்பாலும் குறைக்க முடியும், பலருக்கு முழுதாகவே நிற்கும்.

இடுப்பெலும்பின் அடியில் தொட்டில் போல ஒரு தசை இருக்கிறது. பிரசவங்கள், மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் குறைவது, நாள்பட்ட இருமல், முக்கிப் போகும் மலச்சிக்கல், உடல் எடை எல்லாம் சேர்ந்து அதைத் தளர்த்துகின்றன. அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-இல் எழுதிய பயிற்சிதான் இன்றும் முதல் மருந்து. படுத்துக்கொண்டு முழங்காலை மடித்து வையுங்கள். காற்றுப் பிரியாமல் அடக்குவது போலவும், சிறுநீரை நிறுத்துவது போலவும் அடிப்பகுதியை உள்ளே, மேலே இழுங்கள். ஐந்து எண்ணும்வரை பிடித்து, ஐந்து எண்ணும்வரை முழுதாக விடுங்கள். விடுவதும் பிடிப்பதைப் போலவே முக்கியம். ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. சில வாரத்தில் பத்து எண்ணும்வரை பிடிக்க வரும், உட்கார்ந்தும் நின்றும் செய்யலாம். மூன்று மாதம் விடாமல் செய்தபிறகுதான் பலன் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியும். இரண்டு வாரத்தில் விட்டவர்கள்தான் 'எனக்குக் கேட்கவில்லை' என்கிறார்கள்.

தவறு எங்கே நடக்கிறது என்றால், மூச்சை அடக்கிக்கொள்வார்கள், பிட்டத்தையும் தொடையையும் இறுக்குவார்கள், வயிற்றைக் கீழே தள்ளுவார்கள். தள்ளினால் எதிர்விளைவு. வயிற்றில் ஒரு கை வைத்துப் பாருங்கள், அது அசையாமல் மெத்தென்று இருக்க வேண்டும். சிறுநீர் போகும்போதே நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்யவும் கூடாது. சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் தொற்று வரும். தசை பழகியபின் ஒரு வித்தை இருக்கிறது. தும்மல் வருகிறது என்று தெரிந்ததும், குடத்தைத் தூக்குவதற்கு முன்பும், அதை ஒருமுறை இறுக்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு நொடியில் புடவை நனையாமல் தப்பும்.

அவசரமாக வருபவர்களுக்கு நேரப் பயிற்சி. இப்போது ஒரு மணிக்கு ஒருமுறை போகிறீர்கள் என்றால், வாரத்துக்குக் கால் மணி நேரம் வீதம் இடைவெளியைக் கூட்டி, மூன்று மணி வரை கொண்டுபோங்கள். கசியும் என்று பயந்து தண்ணீரைக் குறைப்பது பெரிய தவறு. சிறுநீர் அடர்ந்து பையை உறுத்தும், அவசரம் கூடும், மலம் இறுகும். பகலில் நன்றாகக் குடித்துவிட்டு, இரவு ஏழு மணிக்குப் பிறகு குறைத்துக்கொள்ளலாம். காப்பி, டீ இரண்டு தம்ளரோடு நிற்கட்டும். கால் வீங்குபவர்கள் மாலையில் ஒரு மணி நேரம் காலை உயர்த்தி வைத்தால், அந்த நீர் படுப்பதற்கு முன்பே வெளியேறி இரவில் எழுவது குறையும். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிக்கும் மாத்திரையை மாலையில் போடுபவர்கள் அதைக் காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வெளியே போக மாதவிடாய் நாப்கின் வேண்டாம், அது சிறுநீரைச் சரியாக இழுக்காது, வாடை அடிக்கும். கசிவுக்கென்றே பேட் விற்கிறது.

எரிச்சல், காய்ச்சல், சிறுநீரில் ரத்தம், கீழே ஏதோ இறங்கி நிற்பது போன்ற உணர்வு இவற்றில் எது இருந்தாலும் அரசு மருத்துவமனையின் மகளிர் நோய்ப் பிரிவுக்குப் போங்கள். அடி இறங்கியவர்களுக்கு, அதாவது கருப்பை கீழிறங்கியவர்களுக்கு, அறுவை சிகிச்சை ஒன்றுதான் வழி என்பதில்லை, உள்ளே வைக்கிற வளையமும் உண்டு. வறட்சியால் எரிபவர்களுக்குத் தடவும் ஹார்மோன் களிம்பு உண்டு. மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆனபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அந்த வாரமே பார்த்துவிட வேண்டும். வெட்கப்படுவதற்கான இடமே அல்ல அது.

இதையெல்லாம் மகிழ்ச்சி பற்றிய கடிதத்தில் ஏன் எழுதுகிறோம் என்று தோன்றலாம். புடவை நனையாது என்ற நம்பிக்கை வந்தபின்தான் ஒரு பெண் முன்வரிசையில் உட்கார்ந்து கச்சேரி கேட்கிறாள்.

வீடுகளில் நாங்கள் கவனித்த ஒன்று. அப்பாவுக்கு ஒரு சாய்வு நாற்காலி இருக்கும், பேரனுக்குப் படிக்கிற மேசை இருக்கும். அம்மா உட்காரும் இடம் எது என்று கேட்டால், சமையற்கட்டு வாசற்படி, கட்டிலின் விளிம்பு, சோபாவில் யாரும் இல்லாத மூலை. அவளுக்கென்று ஒரு நாற்காலி வாங்குங்கள். வாங்கும்போது அளவு பாருங்கள். செருப்பில்லாமல் நின்று, முழங்கால் மடிப்புக்கும் தரைக்கும் உள்ள உயரம் எவ்வளவோ அதுவே இருக்கையின் உயரம். முழங்கால் வலிப்பவர்களுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தால் எழுவது சுலபம். சாய்ந்து உட்கார்ந்தால் இருக்கை விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். கைப்பிடி கட்டாயம், அதுவும் கையூன்றி எழும் அளவுக்கு முன்னால் நீண்டிருக்க வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியின் கால் டைல்ஸ் தரையில் அகலும், வேண்டாம். அமுங்குகிற சோபா எழவிடாது. ஜன்னலுக்குப் பக்கமாகப் போட்டு, வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இடத் தோளுக்கு மேலே விளக்கு வருவது போல வையுங்கள். பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டூல், அதில் கண்ணாடி, தண்ணீர், அன்றைய நாளிதழ். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்காரக் கூடாது, அந்த நேரத்தில் அவளைக் கூப்பிடவும் கூடாது. அவள் படிக்கட்டும், பூத்தொடுக்கட்டும், பாட்டுக் கேட்கட்டும், சும்மா தெருவைப் பார்க்கட்டும். சும்மா உட்கார்ந்திருப்பதற்குக் குற்ற உணர்வு வரும், முதல் வாரம் நாலு முறை எழுந்து அடுப்பைப் பார்த்துவிட்டு வருவார்கள். இரண்டாம் வாரத்தில் குறையும்.

அதே நாற்காலி உடற்பயிற்சிக்கும் ஆகும். சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்று, மூன்று எண்ணி மெல்ல உட்காருங்கள். எட்டு முறை, இரண்டு சுற்று, வாரம் மூன்று நாள். முடியாதவர்கள் கைப்பிடியை ஊன்றியே தொடங்கலாம். முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கிச் சாயக் கூடாது, தொப்பென்று விழுந்து உட்காரவும் கூடாது. மெல்ல இறங்குவதில்தான் தொடைக்குப் பலம் வருகிறது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து எண்ணும்வரை நிற்பதை, குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும்போது செய்யலாம். தரையில் உட்கார்ந்து கோலம் போடவோ கீரை ஆயவோ ஆசை இருந்தால் விட்டுவிடாதீர்கள். எழுவதற்கு முறை இதுதான்: ஒருபக்கமாகச் சாய்ந்து, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, நாற்காலியைப் பிடித்து, பலமான காலை முன்னால் வைத்து எழ வேண்டும். படிக்கட்டுக்கும் பஸ்ஸுக்கும் ஒரு வரி போதும். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. எல்லாரும் சாப்பிட்டபின் மிஞ்சிய சோறும் ரசமும்தான் வீட்டின் மூத்த பெண்ணுக்கு. தசை கரைவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு ஏறத்தாழ 50 கிராம் புரதம் வேண்டும். இரண்டு முட்டையில் 12 கிராம், ஒரு தம்ளர் பாலில் 6, ஊறவைக்காத அளவில் 50 கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டல் செய்தால் 10, ஒரு பிடி பருப்பில் 7 கிடைக்கும், மீதி சோற்றிலும் தோசையிலும் வந்துவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கேழ்வரகு 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, எலும்புக்கு அதைவிட மலிவான நண்பன் இல்லை. சுண்டலைப் பேரனுக்கு எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடாமல், தன் பங்கை முதலில் ஒரு கிண்ணத்தில் எடுத்து வைக்கட்டும்.

2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வேலைக்குப் போகிறவர்கள் பயன்படுத்துகிறார்கள். வீட்டிலிருக்கும் மூத்த பெண்கள் ஆஸ்பத்திரிக்கும் துக்க வீட்டுக்கும் மட்டுமே பஸ் ஏறுகிறார்கள். காரணமில்லாமல் ஒருநாள் ஏறுங்கள். காலைக் கூட்டம் ஓய்ந்த பத்தரை மணிக்குமேல், ஒரு சிநேகிதியோடு, எங்கள் திருச்சியில் என்றால் சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து திருவரங்கத்துக்குப் போய், காவிரிப் பாலத்தில் காற்று வாங்கிவிட்டு, ஒரு காப்பி குடித்துத் திரும்புங்கள். அந்தக் காப்பிக்கான காசு தன் பர்ஸிலிருந்து வர வேண்டும், ஆகவே தன் பெயரில் ஒரு கணக்கு, தன் கையில் அதன் அட்டை. வீட்டைப் பிள்ளைகள் பெயருக்குச் செட்டில்மெண்ட் எழுதித் தருபவர்கள், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு அந்த நிபந்தனையை வைத்துத்தான் துணைக்கு வரும். முதியோருக்கான உதவி எண் 14567.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் எங்களுக்குச் சில கோரிக்கைகள் உண்டு. மகளிர் பக்கத்தில் மூத்த பெண்ணின் படம் போடும்போது சுருக்கத்தை அழித்துப் போடாதீர்கள். 'அறுபதிலும் நாற்பது போல' என்ற தலைப்பை விட்டுவிடுங்கள், அறுபது அறுபது போலவே இருந்தால் என்ன? உங்கள் மருத்துவக் கேள்வி பதில் பகுதியில் நீர்க்கசிவையும் அடி இறக்கத்தையும் பெயர் சொல்லி, மாதம் ஒருமுறையாவது எழுதச் செய்யுங்கள், கேள்வி வரவில்லை என்றாலும். கேட்க வாய் வராமல் இருப்பவர்களுக்காகத்தான் கேட்கிறோம். கடைசியாக, ஞாயிறு குறுக்கெழுத்து. மதிய நேரத்தில் அதற்காகவே காத்திருக்கும் பெண்கள் ஊரெங்கும் இருக்கிறார்கள். இப்போதுள்ள கட்டத்தில் 'ஞ்' எழுதினால் அடுத்த கட்டத்தில் இடிக்கிறது. ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் இருந்தால் நன்றாக இருக்கும். குறிப்புகளையும் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகியர் மூவர்,
திருச்சிராப்பள்ளி.